கிரேக்க சாமிங்களுக்குள்ள நெஜமான நட்புன்னு ஒண்ணு இருக்கா, இல்ல எல்லாமே நாற்காலி பயம்தானா?

அரைத்தூக்கம் கேட்டது:

ரெண்டு மாசமா ஹோமரோட ட்ராய் போர்க் காவியம் இலியட்டையும், சாமிங்க பொறந்த கதைய எழுதின பழைய கவிஞர் ஹெஸியட்டையும் மாத்தி மாத்தி படிச்சிட்டு இருக்கேன், மொழிபெயர்ப்புலதான், கிரேக்கம்லாம் நமக்கு தெரியாது. படிக்க படிக்க ஒரு விஷயம் உறுத்திட்டே இருக்கு. இந்த சாமிங்க எல்லாரும் ஒலிம்பஸ்ங்கற ஒரே மலை மேல இருக்காங்க, ஒண்ணா சாப்பிடறாங்க, ஒண்ணா குடிக்கறாங்க, எல்லாம் ஒரே ரத்தம், சாவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இவ்ளோ இருந்தும் "இவரு அவருக்கு ஃப்ரெண்டு"ன்னு சொல்லி ஒரு விரல் மடக்கலாம்னு பாத்தா முடியல.

இலியட் முதல் பகுதியையே எடுத்துக்கோங்க. கடல் தேவி தெடிஸ் வந்து சாமிங்க ராஜா ஜீயஸோட முழங்காலப் புடிச்சு ஒரு உதவி கேக்கறா. அவளுக்கு அவர்கிட்ட அந்த உரிமை எங்கருந்து வந்துச்சு? ஒரு காலத்துல ஜீயஸைக் கட்டிப்போட ஒரு சதி நடந்துச்சு, அப்ப நூறு கைக்காரன் ப்ரையாரியஸைக் கூட்டிட்டு வந்து அவர் பக்கத்துல உக்கார வெச்சு காப்பாத்தினது இவதான். சரி, சதி பண்ணது யாருன்னு பாத்தா பொண்டாட்டி ஹீரா, கூடப் பொறந்த போஸைடன், பெத்த பொண்ணு அதீனா! வெளியாள் ஒருத்தர் கூட இல்ல.

அப்புறம் தெடிஸ் வந்துட்டு போனது ஹீராவுக்கு தெரிஞ்சு சண்டை ஆரம்பிக்குது, ஜீயஸ் "நான் கை வெச்சா ஒலிம்பஸ்ல இருக்கற அத்தனை பேரும் வந்தாலும் உன்ன காப்பாத்த முடியாது"ங்கற மாதிரி மெரட்டறாரு, எல்லாரும் கப்சிப். நடுவுல பாவம் ஹீராவோட பையன், கொல்லன் சாமி ஹெஃபைஸ்டஸ் எழுந்து அம்மா கையில கோப்பையக் குடுத்து, "அடங்கிப் போம்மா, போன தடவ உனக்கு சப்போர்ட் பண்ண வந்தப்ப என் காலைப் புடிச்சு தூக்கி எறிஞ்சாரு, ஒரு பகல் முழுக்க விழுந்துட்டே இருந்தேன், பொழுது சாயறப்பதான் லெம்னாஸ் தீவுல போய் விழுந்தேன், பாதி உசுருதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, நொண்டி நொண்டி எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கறான். அதப் பாத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. ஹோமர் அத ஜாலியா எழுதியிருக்காரு, எனக்கு என்னவோ அந்த சிரிப்பு புடிக்கல.

இதான் என் கேள்வி: பொறாமையும் அதிகாரமும் தவிர இவங்களுக்குள்ள வேற ஏதாவது இருக்கா? ஹெர்மிஸ் அப்பல்லோ ஜோடி மட்டும்தான் கொஞ்சம் தேறுது. வேற யாராச்சும்?

---

பழைய_ஓலை:

நல்ல கேள்வி. ஆனா ஜீயஸ்கிட்ட நட்ப எதிர்பாக்கறதுக்கு முன்னாடி அவரு அந்த எடத்துக்கு எப்படி வந்தாருன்னு பாருங்க. தாத்தா யூரனஸை அப்பா க்ரோனஸ் அரிவாளால வெட்டி இறக்கினான். அதே கதி தனக்கும் வரும்னு பயந்து க்ரோனஸ் பொறந்த புள்ளைங்கள ஒண்ணொண்ணா முழுங்கினான். கல்லுக்குத் துணி சுத்திக் குடுத்து ஏமாத்தினதால தப்பிச்சவர்தான் ஜீயஸ். இப்படி வந்த ஆள் நாற்காலில உக்காந்ததும் என்ன பண்ணாரு? முதல் பொண்டாட்டி மெட்டிஸ் வயித்துல பொறக்கற பையன் தன்னை மிஞ்சிடுவான்னு கேள்விப்பட்டதும் புள்ளைய விட்டுட்டு அம்மாவையே முழுங்கிட்டாரு. அப்பனை விட ஒரு படி மேல யோசிச்சிருக்காரு, அவ்ளோதான் வித்தியாசம்.

ஹெஸியட்ல ரொம்ப பேர் தாண்டிப் போயிடற ஒரு எடம் இருக்கு. டைட்டன்களோட, அதாவது அப்பா க்ரோனஸ் தலைமுறை சாமிங்களோட சண்டை வர்றப்ப ஜீயஸ், "என் பக்கம் வர்றவங்களுக்கு இருக்கற மரியாதை குறையாது, இல்லாதவங்களுக்கு புதுசா தருவேன்"னு சொல்றாரு. அதக் கேட்டு முதல் ஆளா வந்து நின்னது பாதாள ஆத்துத் தேவி ஸ்டிக்ஸ், தன் நாலு புள்ளைங்களயும் கூட்டிட்டு. ஜெலோஸ், நைக்கி, க்ராட்டோஸ், பியா. அதாவது போட்டி, வெற்றி, பலம், பலாத்காரம். அந்த நாலும் அன்னையிலேருந்து ஜீயஸ் எங்க உக்காந்தாலும் பக்கத்துலயே உக்காருதுன்னு ஹெஸியட் எழுதறாரு. அந்த ஜெலோஸ்ங்கற பேர்லேருந்துதான் இன்னைக்கு நாம சொல்ற ஜெலஸ்ங்கற வார்த்தையே வருது. சிம்மாசனத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் யார் நிக்கறாங்கன்னு பாத்துக்கோங்க, நட்புக்கு எங்க எடம் இருக்கு?

இதுல இன்னொன்னு. எஸ்கிலஸ்ங்கற கிரேக்க நாடகாசிரியர் பேர்ல வர்ற ப்ரொமீத்தியஸ் நாடகத்துல, மனுசங்களுக்கு நெருப்பத் திருடிக் குடுத்த குத்தத்துக்காக ப்ரொமீத்தியஸைப் பாறையில கட்ட இழுத்துட்டு வர்றது அதே க்ராட்டோஸும் பியாவும்தான். இத்தனைக்கும் டைட்டன் சண்டையில ஜீயஸுக்கு யோசனை சொல்லி ஜெயிக்க வெச்சவன் ப்ரொமீத்தியஸ். அவனே அங்க ஒரு வார்த்தை சொல்றான், கூட இருக்கறவன நம்பாம இருக்கறதுங்கறது சர்வாதிகாரத்தோடயே ஒட்டிப் பொறந்த வியாதின்னு. அதுக்கு முன்னாடி ஆணி அடிக்க வந்த ஹெஃபைஸ்டஸ் கை நடுங்கி நிக்கறான், "சொந்தம், பழகின பழக்கம், இதெல்லாம் பொல்லாத விஷயம்"னு பொலம்பறான், க்ராட்டோஸ் பக்கத்துல நின்னு "அடி, இன்னும் பலமா அடி"ங்கறான். பியாவுக்கு நாடகம் முழுக்க ஒரு வசனம் கூட கிடையாது, சும்மா நிக்கும். எனக்கு அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

ஸோ உங்க கேள்விக்கு என் பதில்: நட்பு இருக்கு, நாற்காலிக்குப் பக்கத்துல தேடாதீங்க, தள்ளித் தேடுங்க.

---

கடைசிபெஞ்சு:

இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு, ஹீரா ஒரு ஆளு ஒழுங்கா இருந்திருந்தா பாதி கதையே இல்ல. இலியட் 21ம் பகுதியில வேட்டை தேவி ஆர்ட்டிமிஸை அவளோட வில்லாலயே காதோட சேத்து அடிச்சு அழ விட்டு அனுப்புவாங்க பாருங்க, அந்தப் பொண்ணு அம்பெல்லாம் கீழ கொட்ட ஓடிப்போய் அப்பா மடியில உக்காந்து தேம்பும், அம்மா லீட்டோ பின்னாடியே அம்பப் பொறுக்கிட்டு போவாங்க. சீரியல் மாமியார் தோத்துது 😂

---

நீலாம்பல்:

@கடைசிபெஞ்சு ஹீரான்னாலே எல்லாரும் இதையே சொல்றீங்க, கொஞ்சம் அந்தப் பக்கத்துலேருந்தும் பாக்கலாமே. அந்த அடி சீன் சிரிப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இலியட் 15ல ஜீயஸே தன் வாயால சொல்றதப் படிங்க: "ஞாபகம் இருக்கா, உன் கால்ல ரெண்டு பட்டறைக் கல்லைக் கட்டி, கைய தங்கச் சங்கிலியால பூட்டி வானத்துல தொங்க விட்டேனே, மத்தவங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க, ஒருத்தராலயும் அவுத்து விட முடியலயே"ன்னு. ஜீயஸுக்கு அல்க்மீனிங்கற பொம்பளை மூலமா பொறந்த பையன் ஹெராக்ளீஸை ஹீரா புயல்ல மாட்டி விட்டு காஸ் தீவுக்குத் தள்ளினதுக்கு அது தண்டனை. பொண்டாட்டிய இப்படி தொங்க விடற ஆளோட வாழற பொம்பளைக்கு கோவத்தக் காட்ட எந்த எடம் மிச்சம் இருக்கு சொல்லுங்க. மேல காட்ட முடியாது. கீழதான் எறங்கும். ஜீயஸ் ஆசைப்பட்ட செமெலி, ஐயோ, லீட்டோ, அல்க்மீனின்னு மாட்டினவங்க எல்லாம் எளியவங்க. அவங்க பண்ணது நியாயம்னு சொல்ல வரல, ஐயோவ மாடாக்கி, ஈயை விட்டு கடிக்க வெச்சு நாடு நாடா தொரத்தினத எந்தக் கணக்குல நியாயப்படுத்தறது, ஆனா அந்தப் பொறாமை வெறும் புருஷன் மேல இருக்கற ஆசைன்னு நெனச்சா பாதிக் கதை போச்சு.

லீட்டோ அப்பல்லோவப் பெத்த பிரசவத்தப் பாருங்க. ஒம்பது நாள் ஒம்பது ராத்திரி டெலோஸ் தீவுல வலில துடிக்கறா, ஒலிம்பஸ்ல ஹீரா பிரசவ தெய்வம் எய்லெய்த்தியாவக் கூடவே உக்கார வெச்சிக்கிட்டு அவளுக்கு விஷயமே தெரியாம பாத்துக்கறாங்க. கடைசியா மத்த தேவிங்க சேந்து ஒம்பது முழ தங்க நெக்லஸ் தர்றேன்னு ஆசை காட்டி தூது தேவி ஐரிஸை அனுப்பி தனியா வெளிய கூப்பிட்டுதான் காரியம் நடக்குது. லஞ்சம்தான், வேற என்ன! ஆனா கவனிங்க, அந்த தேவிங்க எல்லாம் லீட்டோவுக்காக வந்து பக்கத்துல நின்னாங்க. ஹீராவுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு தெரிஞ்சும் நின்னாங்க. இத நட்பு லிஸ்ட்ல சேக்கலாமா கூடாதா?

ஹெராக்ளீஸ் பொறப்புலயும் அதே கணக்குதான். "இன்னைக்கு என் வம்சத்துல பொறக்கற புள்ளை சுத்துப்பட்டு எல்லாரையும் ஆளும்"னு ஜீயஸ் பெருமை பேசறாரு. ஹீரா நைசா "சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்"ங்கறாங்க. பண்ணிட்டாரு. உடனே ஆர்கோஸுக்கு எறங்கிப்போய் அங்க ஏழு மாசத்துல யூரிஸ்தியஸைப் பொறக்க வெச்சு, இங்க அல்க்மீனிக்கு பிரசவத்த நிறுத்தி வெச்சிட்டாங்க. அவனும் ஜீயஸ் வம்சம்தான், ஸோ சத்தியம் அவனுக்குப் போச்சு, ஹெராக்ளீஸ் அவனுக்குக் கீழ வேலைக்காரன் ஆனான். ஜீயஸால ஒண்ணும் பண்ண முடியல. அவரையே அவரோட வார்த்தையால கட்டிப் போட்டது அந்த ஒரு நாள் ஹீராதான். இது பொறாமை மட்டுமா, அரசியல் இல்லையா?

---

பழைய_ஓலை:

@நீலாம்பல் அருமை. சத்தியம்னு சொன்னதும் ஞாபகம் வருது, மேல சொன்ன ஸ்டிக்ஸுக்கு ஜீயஸ் குடுத்த பரிசே அதான், சாமிங்க சத்தியம் பண்ணா அவ தண்ணி மேலதான் பண்ணணும். மீறினா ஒரு வருஷம் மூச்சு பேச்சு இல்லாம கெடக்கணும், அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் கூட்டத்துக்கும் வரக்கூடாது, விருந்துக்கும் வரக்கூடாது, பத்தாவது வருஷம்தான் உள்ள விடுவாங்க. சாவு இல்லாதவங்களுக்கு இதவிட பெரிய தண்டனை என்ன இருக்கு, தள்ளி வெக்கறதுதான்.

இன்னொரு பங்காளி சண்டையையும் சொல்லிடறேன். இலியட் 15லயே போஸைடனை போர்க்களத்த விட்டு வெளிய வரச்சொல்லி ஜீயஸ் ஐரிஸை அனுப்புவாரு. போஸைடனுக்கு வருதே கோவம்! "நாங்க மூணு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க, சீட்டு குலுக்கிதான் பிரிச்சோம், எனக்கு கடல், ஹேடிஸுக்கு பாதாளம், அவனுக்கு வானம், பூமியும் ஒலிம்பஸும் பொதுச்சொத்து, அவன் பங்குல அவன் இருக்கட்டும், மெரட்டணும்னா அவன் பெத்த புள்ளைங்கள மெரட்டட்டும்"னு பொரிஞ்சு தள்ளுவாரு. சொத்துத் தகராறு மனு மாதிரியே இருக்கும். ஐரிஸ் சாமர்த்தியக்காரி, "இதையே போய் சொல்லட்டுமா, இல்ல கொஞ்சம் மாத்திக்கறீங்களா? பழிவாங்கற தேவிங்க எரின்னிகள் எப்பவும் மூத்தவங்க பக்கம்தான் நிப்பாங்க தெரியும்ல"ன்னு கேக்கறா. முனகிக்கிட்டே கெளம்பிடறாரு.

இத தமிழ்ல சொல்றப்ப எனக்கு எப்பவும் ஒரு சிக்கல் வரும். போஸைடன் அப்பல்லோவுக்கு சித்தப்பாவா பெரியப்பாவா? ஹோமர்ல ஜீயஸ் மூத்தவர், அப்ப சித்தப்பா. ஹெஸியட்ல ஜீயஸ் கடைக்குட்டி, அப்ப பெரியப்பா. நம்ம மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னு தப்பிக்க முடியாது, எந்தப் பக்கம்னு முடிவு பண்ணியே ஆகணும். யோசிச்சா அந்த சண்டையே இதுக்குத்தான், மூத்தவன் யாரு, யார் சொன்னா யார் கேக்கணும்.

---

சுண்டெலி:

தள்ளித் தேடுங்கன்னு பழைய ஓலை சொன்னது கரெக்ட். நான் ஹெஃபைஸ்டஸ் தெடிஸ் ரெண்டு பேரையும் சொல்லுவேன். கேள்வி கேட்டவர் சொன்ன லெம்னாஸ் கதை தனி, இது வேற கதை: இலியட் 18ல அவனே சொல்வான், கால் ஊனமா பொறந்ததால பெத்த அம்மாவே ஒளிச்சு வெக்கணும்னு தூக்கிப் போட்டா, அப்ப தெடிஸும் யூரினோமிங்கற இன்னொரு கடல் தேவியும்தான் அவனப் புடிச்சு காப்பாத்தினாங்க. ஒம்பது வருஷம் ஒரு குகையில, சுத்தி ஓஷியானஸ் ஆறு நுரைச்சு ஓடற சத்தம், இவன் உள்ள உக்காந்து ப்ரோச், வளையல், நெக்லஸ்னு அவங்களுக்கு செஞ்சு குடுத்துட்டு இருந்தான். வேற எந்த சாமிக்கும் மனுசனுக்கும் தெரியாது, இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பல வருஷம் கழிச்சு தெடிஸ் வீட்டு வாசலுக்கு வர்றா, மகன் அகிலீஸுக்கு கவசம் வேணும்னு. அவன் உலைய நிறுத்தி, துருத்திய எடுத்து ஓரமா வெச்சு, ஸ்பாஞ்சால முகம், கை, கழுத்து, மார்ல இருக்கற முடி வரைக்கும் கரியத் தொடச்சு, சட்டை மாட்டிக்கிட்டு வர்றான். வந்திருக்கறவங்க யாருன்னு அவனுக்குத் தெரியும்ல. அந்த தொடைக்கற சீனுக்காகவே நான் அந்தப் பகுதிய திருப்பித் திருப்பி படிப்பேன்.

அப்புறம் அதே ஹெஃபைஸ்டஸ், ஒயின் சாமி டயோனிசஸ் ஜோடி. தூக்கிப் போட்ட அம்மாவுக்கு தங்க சிம்மாசனம் ஒண்ணு செஞ்சு அனுப்பறான், உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. வசமா மாட்டிக்கிட்டாங்க. போர் சாமி அரீஸ் போய் முறைச்சுக் கூப்பிட்டும் ஒண்ணும் ஆகல. டயோனிசஸ் போனான், குடிக்க வெச்சான், கழுதை மேல ஏத்தி கூட்டிட்டு வந்துட்டான். ஃப்ளாரன்ஸ் மியூசியத்துல ஃப்ரான்ஸ்வா வேஸ்னு ஒரு பெரிய ஜாடி இருக்கு, கி.மு. 570 வாக்குல செஞ்சது, அதுல இந்த ஊர்வலமே வரைஞ்சிருக்கும், அரீஸ் தோத்துப்போன மூஞ்சியோட ஓரமா குத்த வெச்சிருப்பான். 1900ல அங்க வேலை பாத்த காவலாளி ஒருத்தர் கோவத்துல ஸ்டூலைத் தூக்கி எறிஞ்சு அந்த ஜாடி 638 துண்டாச்சு, திரும்ப ஒட்டி வெச்சிருக்காங்க.

சோகமான நட்பு வேணும்னா அதீனாவும் பல்லாஸும். அப்பலோடோரஸ் பேர்ல இருக்கற தொகுப்புல வரும். கடல் சாமி ட்ரைட்டன் வீட்டுல அதீனா வளந்தா, அவரு பொண்ணு பல்லாஸ் கூட சேந்து ஆயுதப் பயிற்சி. ஒரு நாள் விளையாட்டு சண்டை கொஞ்சம் முத்திப் போச்சு, பல்லாஸ் ஓங்கினா, மேலேருந்து பாத்துட்டு இருந்த ஜீயஸ் பொண்ணுக்கு அடி படுமோன்னு நடுவுல தன்னோட ஏஜிஸ்ங்கற தெய்வக் கவசத்தக் காட்டிட்டாரு. பல்லாஸ் திடுக்கிட்டு நிமிந்து பாத்தா, அந்த நொடி அதீனாவோட அடி விழுந்துடுச்சு, செத்துப்போனா. அதீனா அழுது அழுது அவள மாதிரியே ஒரு மர பொம்மை செஞ்சு, அவள மெரள வெச்ச அந்த ஏஜிஸையே அதுக்கு மார்ல சுத்தி, ஜீயஸ் பக்கத்துல நிறுத்தி மரியாதை செஞ்சா. அதுதான் அப்புறம் ட்ராய்ல விழுந்த பல்லேடியம்ங்கற சிலை. அப்பா நல்லது பண்றேன்னு நடுவுல கைய வெச்சதால வந்த வினை.

---

மஞ்சள்வெயில்:

அடுப்பு தேவி ஹெஸ்டியாவ யாருமே சொல்லலயே? டயோனிசஸ் வந்தப்ப ஒலிம்பஸ் பெரிய சாமிங்க பன்னெண்டு பேர்ல எடம் பத்தலன்னு தன் சீட்டையே விட்டுக் குடுத்துட்டு அடுப்பங்கரை ஓரமா போய் உக்காந்தாங்களே, அதவிட பெரிய மனசு எது?

---

பழைய_ஓலை:

@மஞ்சள்வெயில் அந்தக் கதை நெட் முழுக்க சுத்துது, ஆனா பழைய கிரேக்க நூல் எதுலயும் கிடையாது. பன்னெண்டு பேர் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும், சில எடத்துல ஹெஸ்டியா, சில எடத்துல டயோனிசஸ். பார்த்தினான் கோவில் சிற்பத்துல உக்காந்திருக்கற வரிசையில டயோனிசஸ் இருக்காரு, ஹெஸ்டியா இல்ல. அந்த ஓட்டைய அடைக்க பிற்காலத்துல யாரோ கட்டின கதை. பழைய துதிப்பாட்டுல இருக்கறது வேற, அதுவும் நல்லாதான் இருக்கும்: போஸைடனும் அப்பல்லோவும் அவங்களக் கட்டிக்கக் கேட்டாங்க, ரெண்டு பேரும் வேணாம்னு ஜீயஸ் தலையத் தொட்டு சத்தியம் பண்ணிட்டு, வீட்டு நடுவுல எடம் வாங்கிக்கிட்டாங்க. விட்டுக் குடுக்கல, விவரமா ஒதுங்கிட்டாங்க. ஒதுங்கினதால அவங்ககிட்ட யாரும் சண்டைக்கு வரல.

---

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் நன்றி, அந்த கரி தொடைக்கற எடத்த நான் வேகமா புரட்டிட்டு போயிருக்கேன் போல, இன்னைக்கே திரும்பப் படிக்கணும்.

ஹெர்மிஸ் அப்பல்லோ பத்தி யாரும் பேசல, அதனால ஹெர்மிஸ் துதிப்பாட்டுல வர்றத நானே போடறேன். பொறந்த அன்னைக்கே காலையில தொட்டில்லேருந்து எறங்கி, மத்தியானத்துக்குள்ள ஆமை ஓட்டுல லைர்ங்கற நரம்பு வாத்தியம் செஞ்சு வாசிச்சு, சாயங்காலம் அப்பல்லோவோட 50 மாட்டத் திருடினான். கால்தடம் தெரியக்கூடாதுன்னு மாட்டை பின்பக்கமா நடக்க வெச்சான். அப்பல்லோ கண்டுபுடிச்சு தூக்கினா, கைக்கொழந்தை அவர் கையிலயே சத்தமா ஒண்ணு விட்டு தும்மவும் செய்யுது, அவரு கீழ போட்டுட்டாரு. ஜீயஸ்கிட்ட பஞ்சாயத்து போனா அவருக்கு சிரிப்பு அடக்க முடியல. கடைசில ஹெர்மிஸ் லைர் வாசிச்சதும் அப்பல்லோ மனசு கரைஞ்சு, "இது 50 மாட்டுக்கு சமம்டா"ங்கறாரு. லைர் இவருக்கு, மாடும் சாட்டையும் அவனுக்கு. பொறாமையில ஆரம்பிக்க வேண்டிய எடத்துல ஆரம்பிக்கல பாருங்க, அதான் எனக்கு புடிச்சுது.

---

நீலாம்பல்:

நட்புதான், ஆனா உஷாரான நட்பு. அந்தப் பாட்டுலயே அடுத்து வர்றதப் பாருங்க, "நீ லைரையும் என் வில்லையும் சேத்து திருடிட்டு போயிடுவியோன்னு பயமா இருக்கு, சத்தியம் பண்ணு"ன்னு கேப்பாரு. ஹெர்மிஸ் தலையாட்டினப்புறம்தான் "உன்ன விட யார் மேலயும் எனக்குப் பிரியம் கிடையாது"ன்னு சொல்லி தங்கக் கோலைக் குடுக்கறாரு. அப்பவும் குறி சொல்ற பெரிய வித்தைய மட்டும் தர மாட்டேன்னுட்டாரு, ஜீயஸுக்கு வாக்கு குடுத்திருக்கேன்னு. ஃப்ரெண்டுக்கு எவ்ளோ தரலாம்ங்கற கோட்டையே மேல இருக்கறவருதான் போடறாரு.

---

கடைசிபெஞ்சு:

அதெல்லாம் சரி, சத்தியம் வாங்கி என்ன பிரயோஜனம்? கடைசில வில்லு திருடு போச்சா இல்லையா?

---

பழைய_ஓலை:

அந்தப் பாட்டுல போகல. ஆனா ரோமன் கவிஞர் ஹோரஸ் இதே கதைய சொல்றப்ப சத்தியத்துக்கே நேரம் குடுக்கல. மாட்ட எங்கடா வெச்சிருக்கன்னு அப்பல்லோ குரல உயர்த்தி அந்தப் பொடியன மெரட்டிட்டு இருக்காரு, பேசிட்டே இருக்கறப்ப பாத்தா முதுகுல இருந்த அம்பறாத்தூணியக் காணோம். சிரிச்சிட்டாரு.